புகுந்த வீட்டுச் சொற்கள்

முன்பின் அறியாத மனிதரால் நமக்கு அதிகத் தொல்லை வருவதில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரியாவிட்டால் நாம் அளந்து பேசுகிறோம். பெட்டியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறோம். தொல்லையெல்லாம் தெரிந்த முகத்தால்தான். "அடடே, நம் கும்பகோணம் ராமசாமி அல்லவா!" என்று முதுகில் ஓங்கித் தட்டிய பிறகுதான், அவர் கும்பகோணத்துக்காரரும் அல்ல, ராமசாமியும் அல்ல என்பது தெரிய வருகிறது. தட்டின தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

சொற்களின் விஷயமும் ஏறக்குறைய இதேதான். புரியாத சொல்லைக் கேட்டால் நமக்கு அடக்கம் வந்துவிடுகிறது. அகராதியைப் புரட்டுகிறோம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம், ஒன்றும் நடக்காவிட்டால் ஒரு புன்சிரிப்போடு வாயை மூடிக்கொள்கிறோம். தெரிந்த சொல்லிடம் இந்த அடக்கம் வருவதில்லை. மனிதர்களுக்கிடையே விளைகிற மனஸ்தாபங்களில் பெரும்பகுதிக்கு, "எனக்குப் புரிந்துவிட்டது" என்ற இந்த நம்பிக்கையே காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

இதைப் பரீட்சை செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜப்பானைப் போல் ஏற்ற இடம் கிடைப்பது அரிது. அந்த நாட்டுப் பேச்சில் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் கலந்திருக்கின்றன. மொழி தெரியாத ஊருக்கு வந்து தவிக்கும் பிரயாணிக்கு, நடுநடுவே ஆங்கிலச் சொல் காதில் விழுந்ததும் உயிர் வருகிறது. ஆபத்து ஆரம்பமாகும் இடமும் அதுதான்.

டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கும் ஓர் இளைஞர், "நான் ஒரு மன்ஷோனில் குடியிருக்கிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்திலிருந்து வந்தவர் திகைத்துப் போகிறார். ஆங்கிலத்தில் மேன்ஷன் என்றால் பிரபுக்களின் மாளிகை; முன்னால் தோட்டமும் பின்னால் குதிரை லாயமும் இருக்கவேண்டும். இந்தச் சாதாரண குமாஸ்தாவுக்கு இத்தனை செல்வமா என்று வியந்துகொண்டே அவர் வீட்டுக்குப் போகிறார். போனால் ஏழாவது மாடியில் இரண்டு அறை. சமையலறையில் ஒருவர் திரும்பவேண்டுமானால் இன்னொருவர் வெளியே வரவேண்டும். ஜப்பானியரின் பேச்சில் மன்ஷோன் என்றால் கான்கிரீட்டில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு, அவ்வளவுதான். நம் சென்னைவாசி ஒருவரும் கூட இருந்தால் வேடிக்கை முழுமையாகும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களை அறிந்தவர் அவர். "பாவம், கல்யாணம் ஆகாத பையன் போலிருக்கிறது. ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, மாடிக் கோடியில் பொதுக் குளியலறை" என்று அனுதாபப்படுவார். சொல் ஒன்று, ஒருவருக்கு அது மாளிகை, ஒருவருக்குக் குடித்தனம், ஒருவருக்குப் பிரம்மசாரி அறை. மூவரும் தாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதாகத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!

பழக்கடைக்குப் போகிறோம். நாம் வாங்கிய பழங்களோடு கடைக்காரர் ஒரு கமலாப்பழத்தைச் சேர்த்து வைத்து, "ஸாபிஸு" என்கிறார். சர்வீஸ் என்ற ஆங்கிலச் சொல்தான். ஏதோ சேவைக் கட்டணம் கேட்கிறார் என்று பர்ஸைத் திறந்தால் அவர் பதறிப் போவார். அவர் கொடுத்தது கொசுறு! பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் 'கன்னிங்கு' செய்தான் என்றால், அவன் தந்திரசாலி என்று பொருளல்ல. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிவிட்டான். ஒருவரை 'ஸுமாட்டோ' என்று புகழ்ந்தால், அது ஸ்மார்ட் என்ற சொல். ஆனால் ஜப்பானியர் பெரும்பாலும் அந்தச் சொல்லால் பாராட்டுவது உடம்பின் மெலிவை. "உங்கள் மனைவி மிகவும் ஸ்மார்ட்" என்று கேட்ட அமெரிக்கப் பேராசிரியர், தம் மனைவியின் புத்திக்கூர்மையைப் புகழ்வதாக நினைத்து மகிழ்ந்துபோவார். சொன்னவர் மெச்சியது இடுப்பளவை.

இன்னும் சில உண்டு. ஆண்கள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டைக்கு 'வைஷாட்ஸு' என்று பெயர். 'ஒயிட் ஷர்ட்' என்பது தேய்ந்து அப்படியாயிற்று. அதற்கு வெள்ளை என்ற நினைவே அங்கு மறந்துவிட்டதால், கடையில் நீல வைஷாட்ஸுவும் கிடைக்கும். நீல வெள்ளைச் சட்டை! சொந்தக் காருக்கு 'மைக்கா' என்று பெயர்; 'மை கார்' என்பதுதான். ஆகவே "உங்கள் மைக்கா எங்கே நிற்கிறது?" என்று கேட்பதில் அவர்களுக்கு ஒரு முரண்பாடும் தெரியாது. எடுத்துப் போட்டுச் சாப்பிடும் 'பஃபே' விருந்துக்குப் 'பைக்கிங்கு', அதாவது வைக்கிங் என்று பெயர். 1958ல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல், ஸ்காண்டிநேவிய நாடுகளில் வழங்கும் இந்த விருந்து முறையை ஜப்பானுக்குக் கொண்டுவந்தது. அதன் ஸ்வீடிஷ் பெயர் ஜப்பானியரின் நாக்குக்கு வளைவதாக இல்லை. கிர்க் டக்ளஸ் நடித்த 'வைக்கிங்ஸ்' என்ற படம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அதில் அந்தக் கடற்கொள்ளைக்காரர்கள் தின்கிற தீனியைக் கண்டே ஹோட்டல்காரர்கள் இந்தப் பெயரைத் தேர்ந்ததாகச் சொல்வார்கள். அன்று முதல் ஜப்பானில் வைக்கிங் என்றால் வயிற்றுக்கு இதமான செய்திதான்.

சுவரில் மின்சாரத்துக்காகப் பதித்திருக்கும் பிளக் பாயிண்டை அவர்கள் 'கொன்ஸென்ட்டோ' என்கிறார்கள். காதில் அது 'கன்ஸென்ட்' என்று விழும்; ஆங்கிலத்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள். இந்தச் சொல்லை மட்டும் வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இதற்குப் பின்னால் வேடிக்கையல்லாத ஒரு சமாசாரம் இருக்கிறது.

இதெல்லாம் எப்படி நேர்ந்தது? 1543ல் போர்த்துகீசியர்கள் தனேகாஷிமா என்ற தீவில் வந்து இறங்கியபோதே ஐரோப்பியச் சொற்கள் ஜப்பானுக்குள் நுழையத் தொடங்கின. ரொட்டிக்கு அங்கே இன்றும் 'பான்' என்று பெயர். அது போர்த்துகீசியச் சொல். நம் வீட்டுச் சாவியும் ஜன்னலும் அலமாரியும் அதே மொழியிலிருந்து வந்தவையே. ஆகவே அந்த வகையில் நாமும் ஜப்பானியரும் ஒரே கடைக்கு வாடிக்கைக்காரர்கள். பிறகு டச்சுக்காரர்கள் நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற சிறு தீவில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வியாபாரம் செய்தார்கள். 1868ல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்ட பிறகு ஆங்கிலம் வெள்ளமாக வந்தது. இப்படி வந்த சொற்களையெல்லாம் ஜப்பானியர் 'கத்தகானா' என்ற தனி எழுத்தில் எழுதுகிறார்கள். ஆனால் உச்சரிப்பில் விட்டுக்கொடுப்பதில்லை. 'ன்' ஒன்றைத் தவிர வேறு மெய்யெழுத்தில் அவர்கள் சொல் முடியாது. நம் பாட்டிமார் 'பஸ்ஸு' என்றும் 'கிளாஸு' என்றும் சொல்வதுபோல ஓர் உயிரெழுத்தை ஒட்டிக்கொள்கிறார்கள். நமக்குப் போலவே அவர்களுக்கும் குறில் நெடில் முக்கியம். 'பிரு' என்றால் பெரிய கட்டிடம். 'பீரு' என்றால் குடிக்கும் பீர். முன்னது ஆங்கிலேயர் கொடுத்தது. பின்னது டச்சுக்காரர் கொடுத்தது. அன்னியர் ஒருவர் நெடிலை மறந்துவிட்டு ஹோட்டலில் ஒரு குவளைக் கட்டிடம் கொண்டுவரச் சொன்னால் பரிசாரகர் என்ன செய்வார்!

சரி, சிரித்தாயிற்று. இப்போது ஒரு கேள்வி. இந்தக் குழப்பங்களில் குற்றவாளி யார்?

"ஜப்பானியர்கள்தான். ஆங்கிலம் தெரியாமல் ஆங்கிலச் சொல்லைக் கையாண்டால் இப்படித்தான்" என்பதே முதலில் தோன்றும் பதில். மேன்ஷன் என்றால் மாளிகை. அதைக் குடித்தனத்துக்குச் சூட்டியது தவறு என்று ஆங்கிலேயர் சொல்லலாம். ஆனால் அவருக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'மான்ஸியோ' என்ற சொல் உண்டு. தங்குதல், தங்குமிடம் என்பது அதன் பொருள். ரோமாபுரியின் பெருஞ்சாலைகளில் பிரயாணிகள் இராத்தங்கும் சத்திரங்களுக்கு அந்தப் பெயர் வழங்கிற்று. அந்தச் சத்திரத்தைத்தான் ஆங்கிலேயர் மாளிகையாக்கினார். பிறந்த வீட்டுப் பொருள்தான் உண்மையான பொருள் என்று வழக்காடினால் ஆங்கிலேயரும் ஜப்பானியரும் சேர்ந்து தோற்பார்கள்; ஜெயிக்கப் போவது ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் தங்குகிற நம் திருவல்லிக்கேணி மேன்ஷன்தான்!

நம் வீட்டுப் பெண்களும் இப்படிப் போய் வாழ்ந்திருக்கிறார்கள். 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரன்' ஆயிற்று. இன்று மேல்நாட்டில் அந்தப் பெயர் குறிப்பது இரண்டு அடிப்பாகங்களைப் பிணைத்துக் கட்டிய கப்பலை. மரங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகும் நம் மீனவர் அதைப் பார்த்தால் தம் பெயரென்று நம்பமாட்டார். 'கறி' என்ற சொல்லின் கதை இன்னும் நீளம். ஆங்கிலேயர் அதைக் 'கர்ரி' ஆக்கி, ஒரு பொடியாக டப்பாவில் அடைத்தார்கள். மெய்ஜி காலத்தில் அந்தப் பொடி ஜப்பானுக்குக் கப்பலேறியது. 1908ல் ஜப்பானியக் கடற்படை வெளியிட்ட சமையல் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைத்தது. இன்று 'கரே' என்ற பெயரில், மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, சற்றே இனிப்பாக, சோற்றின் பக்கத்தில் ஊற்றி, கரண்டியால் சாப்பிடுகிறார்கள். ஜப்பானில் அடைக்கலம் புகுந்து, அந்நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்ட நம் நாட்டு விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ், 1927ல் தம் மாமனாரின் கடையான ஷிஞ்ஜுக்கு நாகமுராயாவில் இந்திய முறைக் கறியை அறிமுகப்படுத்தினார். அப்படியும் ஆங்கிலேயர் வழியாக வந்த கரேயை அசைக்க முடியவில்லை. இரண்டும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் டோக்கியோவில் உட்கார்ந்து, 'கறி' கேட்டுக் 'கரே'யைப் பெற்றுக்கொண்டால், அன்னிய உடையில் வந்து நிற்கும் பேத்தியைப் பார்த்ததுபோல் விழிக்கத்தான் வேண்டும்.

ஆகவே, கடன் வாங்கிய சொல்லின் பொருள் மாறுவது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு, "எங்கள் வீட்டில் இவள் வெங்காயம் சாப்பிடமாட்டாள்" என்று சம்பந்தி வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கலாமா? அவள் புகுந்த வீட்டு அடுப்பில் சமைக்கிறாள். அந்த வீட்டாருக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள்.

ஆனால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் மனிதரை விடுவதில்லை. ஜப்பானில் ஆபீசுகளில் வேலை பார்த்த பெண்கள் ஒரு காலத்தில் தங்களைப் 'பிஸினஸ் கேர்ள்' என்று சொல்லிக்கொண்டார்கள், சுருக்கமாகப் 'பி.ஜி.' உழைத்துச் சம்பாதிக்கும் பெண் என்ற பெருமை அதில் இருந்தது. 1964ல் ஒலிம்பிக் பந்தயங்கள் டோக்கியோவில் நடப்பதாக ஏற்பாடாகி, உலகமே வந்து கூடப்போகிறது என்ற நிலைமை வந்தது. அப்போது ஒரு கிசுகிசுப்பு எழுந்தது. ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அந்தப் பெயர் உடலை விற்கும் பெண் என்று ஒலிக்கக்கூடுமாம்! 1963ல் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அந்தச் சொல்லைக் கைவிட்டது. 'ஜோஸெய் ஜிஷின்' என்ற பெண்கள் வாரப் பத்திரிகை வாசகர்களிடம் வாக்குக் கேட்டு 'ஆபீஸ் லேடி' என்ற புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்தது. 'ஓ.எல்.' என்று அது நிலைத்தும் விட்டது. அதுவும் ஆங்கிலேயர் வழங்காத ஆங்கிலம்தான் என்பது தனி வேடிக்கை.

அந்தப் பெண்கள் செய்தது சரியா? விருந்தாளியின் காது கூசாமல் பேசுவது மரியாதை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தப்பும் செய்யாதவள், அடுத்த வீட்டார் மனத்தில் உள்ள அழுக்குக்காகத் தன் பெயரை மாற்றிக்கொள்வதில் ஒரு வேதனையும் இருக்கிறது. இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1980ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி, வியர்வையில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் பானம் ஒன்றைப் 'பொக்காரி ஸ்வெட்' என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. ஸ்வெட் என்றால் வியர்வை. வியர்வையையா குடிப்பது என்று வெள்ளைக்காரர் முகம் சுளித்தார்; கம்பெனி பெயரை மாற்றவில்லை. 1919 முதல் விற்பனையாகும் 'கல்பிஸ்' என்ற பால் பானத்தின் கதை வேறு. கால்சியம் என்பதன் பாதியையும், நெய்யைக் குறிக்கும் 'சர்ப்பிஸ்' என்ற சமஸ்கிருதச் சொல்லின் பாதியையும் சேர்த்து வைத்த அழகான பெயர் அது. அமெரிக்கர் காதில் அது பசுவின் மூத்திரம் என்று விழுந்தது. நம் நாட்டில் கோமியத்துக்காவது ஒரு புனிதம் உண்டு. அமெரிக்கருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. எனவே அந்தப் பானம் அங்கே 'கல்பிகோ' ஆயிற்று. சரக்கின் பெயரை ஊருக்கு ஏற்ப மாற்றுவதில் மானப் பிரச்னை எதுவும் இல்லை. மனிதர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரை மாற்றும்போதுதான் அந்தப் பிரச்னை எழுகிறது.

சொல்லின் மேல் கோபம் கொண்டு அதை வீட்டைவிட்டுத் துரத்திய காலமும் ஜப்பானில் உண்டு. அமெரிக்காவோடு யுத்தம் நடந்தபோது ஆங்கிலம் எதிரியின் பாஷை ஆயிற்று. பேஸ்பால் ஆட்டத்தில் வழங்கிய ஆங்கிலச் சொற்களெல்லாம் 1943ல் விலக்கப்பட்டன. பந்து சரியாக வந்தால் 'ஸ்டிரைக்' என்று கூவிய நடுவர், 'யோஷி' என்று சொல்லவேண்டும். சரி என்று அர்த்தம். தவறினால் 'பால்' என்பதற்குப் பதிலாகத் 'தமே'; சரியில்லை என்று அர்த்தம். சொல்லை விரட்டியவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த அந்த ஆட்டத்தை மட்டும் விட்டுவிடவில்லை. யுத்தம் முடிந்ததும் பழைய சொற்கள் மைதானத்துக்குத் திரும்பி வந்தன. இங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. பந்தாட்டத்தில் வரும் ஸ்டிரைக் 'ஸுட்டொரைக்கு'. தொழிலாளர் செய்யும் ஸ்டிரைக் 'ஸுட்டொரைக்கி'. ஒரே ஆங்கிலச் சொல்லை வாங்கி, கடைசி எழுத்தை மாற்றி, இரண்டு வேலைக்கு இரண்டு ஆளாக வைத்துக்கொண்டார்கள். வாங்கினவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இனி யார் சொல்வது?

இவ்வளவும் வெளியாருக்கும் வீட்டாருக்கும் நடுவே நடக்கும் குழப்பம். இதில் பெரிய தீங்கு இல்லை, சிரிப்போடு தீர்ந்துவிடும். வீட்டுக்குள்ளேயே ஒருவர் சொல் இன்னொருவருக்குப் புரியாமல் போவது வேறு விஷயம்.

2013ல் ஜப்பானிய முதியவர் ஒருவர் என்.எச்.கே. மீது வழக்குத் தொடுத்தார். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் அன்னியச் சொற்கள் மிதமிஞ்சி வருவதால் தமக்கு மன உளைச்சல் ஏற்பட்டதென்றும், அதற்கு 14 லட்சத்து 10 ஆயிரம் யென் நஷ்டஈடு வேண்டுமென்றும் கேட்டார். 2014ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. செய்தியைப் படித்தவர்களில் பலர் சிரித்திருப்பார்கள். சட்டப்படி நீதிபதிகள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த முதியவரின் மனக்குறையை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில், தாய்மொழியில் பேசும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பேரனைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்கவேண்டியிருக்கிறது. ரிஸ்க் என்பதற்கும் டிரபிள் என்பதற்கும் ஜப்பானிய மொழியில் சொல் இல்லையா? பிறந்த வீட்டிலேயே அன்னியராகும் நிலைமை வந்துவிட்டதே என்ற துக்கம் அது.

வாசகர்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன 'கொன்ஸென்ட்டோ' இங்கேதான் மறுபடி வருகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் வைத்தியர் நோயாளியிடம் எல்லா விவரங்களையும் விளக்கி அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும் என்பது இக்கால வைத்திய தர்மம். ஆங்கிலத்தில் அதற்கு 'இன்ஃபார்ம்டு கன்ஸென்ட்' என்று பெயர். ஜப்பானிய ஆஸ்பத்திரிகள் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டன. 'இன்ஃபோமுடோ கொன்ஸென்ட்டோ' என்று அது எழுதப்பட்டது. எழுபது வயதுக் கிழவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் அவளுக்குக் கொன்ஸென்ட்டோ என்றால் சுவரில் இஸ்திரிப்பெட்டியைச் செருகும் இடம். இன்று தன் வயிற்றை அறுப்பதற்கு முன்னால் ஒரு தாளை நீட்டி, இதில் உங்கள் கொன்ஸென்ட்டோ வேண்டும் என்கிறார்கள். அவள் தலையை ஆட்டுகிறாள், கையெழுத்தும் போடுகிறாள். நோயாளிக்கு எல்லாம் புரியவேண்டும் என்பதற்காகவே பிறந்த ஒரு தர்மத்தின் பெயரே நோயாளிக்குப் புரியவில்லை!

ஜப்பானின் தேசிய மொழி ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆபத்தை உணர்ந்தது. 2003 முதல் 2006 வரை நான்கு தவணைகளில் 176 அன்னியச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக இன்னின்னபடி சொல்லலாம் என்று யோசனை கூறியது. இந்த வைத்தியச் சொல்லுக்கு அது தந்த பதில்கள் 'மனம் ஒப்பிப் பெறும் சிகிச்சை', 'விளக்கமும் சம்மதமும்' என்ற பொருளில் அமைந்தவை. கேட்டவுடன் கிழவிக்கும் விளங்கும். அன்னியச் சொல் என்ற பகையால் செய்த காரியம் அல்ல இது. 1943ன் ஆவேசம் இதில் இல்லை. கேட்பவர்மேல் கொண்ட கருணை இருக்கிறது. விரட்டுவதற்கும் விளக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதில்தான் உண்மையான குற்றம் இருப்பதாக நினைக்கிறேன். ஆங்கிலத்தில் 'ரீஸ்டிரக்சரிங்' என்ற சொல்லுக்கு மறுசீரமைப்பு என்று பொருள். 1990க்குப் பிறகு ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்து கம்பெனிகள் நொடித்தபோது, ஆட்களை வேலையிலிருந்து நீக்குவதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அது சுருங்கி 'ரிஸுட்டொரா' ஆயிற்று. இருபது வருஷம் உழைத்தவரைக் கூப்பிட்டு, "நாளை முதல் வரவேண்டாம்" என்று தாய்மொழியில் சொல்வதற்கு நாக்குக் கூசும். கண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டியிருக்கும். அன்னியச் சொல்லுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறது. இங்கே யாருக்கும் அர்த்தம் புரியாமல் இல்லை, எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. புரியாததுபோல் நடப்பதற்கு ஒரு திரையாகவே அந்தச் சொல் தொங்கவிடப்பட்டது. ஆனால் ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. சில வருஷங்களுக்குள் அந்தச் சொல்லுக்குச் சீட்டுக் கிழிப்பது என்ற பொருளையே நிலைக்கச் செய்துவிட்டார்கள். இன்று "அவரை ரிஸுட்டொரா செய்துவிட்டார்கள்" என்றால் மறுசீரமைப்பு என்று எவரும் ஏமாறுவதில்லை. திரை நைந்துபோனால் அதன் வழியாகவே உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் அன்னியச் சொல் என்றாலே மறைக்கும் சொல்தானா? அப்படித் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. 1989ல் ஃபுக்குவோகாவில் ஒரு பெண், வேலை பார்க்கும் இடத்தில் மேலதிகாரியால் தனக்கு நேர்ந்த அவமானத்துக்கு நியாயம் கேட்டு நீதிமன்றம் ஏறினாள். ஆபீசில் ஆணின் கீழ்த்தரமான பேச்சுக்கும் நடத்தைக்கும் அதுவரை ஜப்பானிய மொழியில் சரியான பெயரே இல்லை. பெயரில்லாததால் குற்றமும் இல்லாததுபோல் இருந்தது. 'ஸெக்குஹரா' என்று சுருங்கிய ஆங்கிலச் சொல் அந்த வருஷம் நாடெங்கும் பரவி, ஆண்டின் புதுச்சொற்களுக்கான பரிசையும் பெற்றது. 1992ல் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. பல்லாயிரம் பெண்கள் மனத்துக்குள் வைத்துப் புழுங்கியதை வாய்விட்டுச் சொல்ல ஓர் அன்னியச் சொல் துணை செய்தது. ஒரு சொல் கொடுமையைப் போர்த்தியது. இன்னொரு சொல் கொடுமையின் போர்வையை விலக்கியது. இரண்டும் ஒரே கப்பலில் வந்தவைதான்.

அதனால்தான், சொல்லின் குலம் கோத்திரம் விசாரிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவருகிறது. அது எங்கே பிறந்தது, அங்கே என்ன பொருளில் வழங்கியது என்பதெல்லாம் தெரிந்துகொள்ளச் சுவையான செய்திகள். ஒழுக்கம் பற்றிய கேள்வி வேறு. இந்தச் சொல்லைச் சொல்கிறவர், கேட்கிறவரை உள்ளே அழைக்கிறாரா, வாசலிலேயே நிறுத்துகிறாரா? பழக்கடைக்காரரின் 'ஸாபிஸு' ஆங்கில இலக்கணப்படி பிழை. ஆனால் கூடவே ஒரு பழத்தையும் அன்பையும் தருகிறது. அதைவிடச் சுத்தமான சொல் எது? மானேஜரின் 'ரீஸ்டிரக்சரிங்' அகராதிப்படி பிழையே இல்லாதது. அதைவிட அசுத்தமான சொல்லும் அன்று வேறு இருந்திருக்காது.

நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தமிழர் ஒருவரும் ஜப்பானியர் ஒருவரும் சந்தித்துக்கொள்கிறார்கள். தமிழர் தம் பெண்ணின் கல்யாணச் செலவை நினைத்து, "ஒரே டென்ஷன்" என்கிறார். ஜப்பானியர் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அவருடைய ஊரில் 'டென்ஷோன்' ஏறியிருக்கிறது என்றால் உற்சாகம் கரைபுரள்கிறது என்று அர்த்தம்! இந்த இடத்தில் நம்மவர், "என் கஷ்டத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறானே, இவனும் ஒரு மனிதனா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். அல்லது, "உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கலாம். கேட்டால் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். கல்யாணச் செலவு குறையாவிட்டாலும் ஒரு சிநேகிதம் மிஞ்சும்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அன்னிய நாட்டுக்குப் போகவேண்டியதும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே தாய்மொழியில், "சுதந்திரம்" என்று மகன் சொல்லும்போது தகப்பனாருக்கு வேறு என்னவோ கேட்கிறது. "மரியாதை" என்று மாமியார் சொல்லும்போது மருமகளுக்கு வேறு என்னவோ கேட்கிறது. தெரிந்த சொல்தானே என்று இருவருமே விசாரிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் தாளை நீட்டுகிறவர், கிழவி தலையாட்டியதும் பேனாவைக் கொடுத்துவிடாமல், "பாட்டி, நான் சொன்னது உங்களுக்கு என்னவென்று விளங்கிற்று? கொஞ்சம் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குச் சேரவேண்டிய மரியாதை சேர்ந்துவிடும்.